கெட்டவனோடு போகிற படம்

...இன்றைக்கு வேண்டாமாம், சந்திக்க விருப்பமில்லையாம், இன்றைக்கு மட்டுமா இல்லை இனி ஒருநாளுமா என்று சிறையிலிருந்து பேசிய அந்த மனுசியிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லையே, "டாங்கே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாளே, பெற்ற மகன் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்று சொன்னவளுக்கு ஒரு நன்றி, இந்த நாட்டில் இருந்து இருந்து பழகிப்போன நன்றி, வாய் தானாகச் சொல்லிவிடுகிறது... மரியமலர் வுப்பர்டால் ஸ்ரேசன் மேடையில் நின்றபடி, வந்த றெயின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்காகக் காத்திருப்பதையும், காத்தது போதும் என்று மூடிக்கொண்டு போவதையும் பார்த்தாள். கைப்பைக்குள் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்ரிக் பையில் சில்லறைக் காசு கிடந்தது. சிறைக்குள் பார்க்கப் போகிறவர்கள் வேறொன்றும் கொண்டுபோக ஏலாது, சில்லறை மட்டும், அங்கே சுவரோடு நிற்கிற மெசினில் போட்டு மகன் எமிலுக்குக் கொக்கோவும் சொக்கிளேற்றும் எடுத்துக் கொடுக்க. பிள்ளைக்குக் காய்ச்சல், வருத்தம் ஒன்றும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்றும் அந்த மனுசி சொன்னாள், நல்ல மனுசிதான், குரலில் ஒரு இரக்கம் இருந்தது. இப்போது வீட்டுக்குப் போனால் சில்வெஸ்டர் குசினியில் நிற்பார், மகனைப் பார்க்க ஒருநாளும் வராத மனுசன், அவனுடைய பேரைக்கூட வாயில் எடுக்காத தகப்பன், ஆனால் அவள் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தானே இறைச்சி வாங்கிக் கறி வைப்பார், அவள் வந்ததும் சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விடுவார். இவ்வளவு வெள்ளெனத் திரும்பி வந்தால் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன சொல்வது? பின்னேரம் வரைக்கும் எங்கேயாவது இருக்கவேண்டும். எங்கே இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரேசனைச் சுற்றியுள்ள எல்பர்பெல்டில் கடை ஒன்றும் திறந்திருக்காது, புறாக்களும் குடித்துவிட்டுப் படியில் இருக்கிறவர்களும் மட்டும்தான், மாதாகோவிலுக்குப் போகலாம், தமிழ்ப் பூசை இந்த மாதம் இன்றைக்குத்தான், போனால் எல்லோரும் விலகி இடம் விடுவார்கள், அன்பாகத்தான் விடுவார்கள், இருக்கிற வாங்கு ஒன்று முழுதும் அவளுக்கே கிடைக்கும்... வேண்டாம். கால்கள் போன போக்கில் போய், ஒடுக்கமான ஒரு தெருவில், ஒரு சின்னப் படமாளிகையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டன. கண்ணாடிக்குள் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம். மொட்டையாக வழித்த முன்மண்டை, பாதி மூடின ஒரு கண், தோளுக்கு மேலே வாளின் பிடி. பழைய யப்பானியப் படங்கள் என்று எழுதியிருந்தது, கீழே சின்ன எழுத்தில், கொடியவனே நாயகனாக நிற்கும் சாமுராய் கதைகள், ஞாயிறு மத்தியானக் காட்சி. இந்த மனுசனைத் தெரியுமே, இவனில்லாவிட்டால் இவனைப்போல ஒருவனை, வீட்டு ரீவியில் எத்தனை சனிக்கிழமை வாளோடு நடந்து போயிருப்பான், நூலகத்திலிருந்து எமில் அடுக்கடுக்காகக் கொண்டுவந்த படங்கள், கூட்டாளிகள் எல்லாம் புதுப்படம் பார்க்கிற வயதில் இவன் மட்டும் செத்துப்போன யப்பான்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா இஞ்சை வாங்கோ, இதைப் பாருங்கோ, இவன்தான் மெயின் ஆள் என்பான். நல்லவனோ என்று அவள் குசினி வாசலில் நின்று கேட்பாள், கையில் மாவோடு. இல்லையம்மா, இவன்தான் கெட்டவன், ஆனா படம் முழுக்க இவனோடதான் போகும். அப்ப நல்லவன் எங்கை? வருவான், கொஞ்ச நேரம் வருவான், பிறகு செத்துப்போவான்... சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாளே, இதென்னடா படம், விசர்ப் படம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாளே.

அந்தச் சிரிப்பை யாரிடமும் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் அரசுத்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, இந்த இளைஞன் வாள்வெட்டுப் படங்களில் மூழ்கிக் கிடந்தவன், கொலைகாரர்களைக் கதாநாயகர்களாகக் கண்டு வளர்ந்தவன் என்று சொன்னபோது, மொழிபெயர்ப்பாளர் அவளுக்குப் பக்கத்தில் குனிந்து அதைத் தமிழாக்கினபோது, அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. மகனுக்கு எதிராகச் சொல்லப்பட்டதுதான், ஆனால் தண்ணீரில் தாழ்ந்துபோகிறவளுக்கு எறிந்த கயிறு மாதிரி அதைப் பிடித்துக்கொண்டாள். படம்தான். என்னுடைய வயிறு இல்லை, என்னுடைய பால் இல்லை, சில்வெஸ்டருடைய கோபம் இல்லை, நாங்கள் வளர்த்த விதம் இல்லை, அந்தப் படங்கள்தான் பிள்ளையைப் பிடித்தன. தீர்ப்பு வந்த கிழமையே சில்வெஸ்டர் ரீவியைத் தனியாகத் தூக்கி நிலவறைக்குக் கொண்டுபோனார், படிகளில் மூச்சு வாங்கியது கேட்டது, உதவிக்குப் போகவில்லை, அவரும் அதே கயிற்றைத்தான் பிடிக்கிறார் என்று விளங்கியது. மூன்று வருசம் அந்தக் கயிற்றில் தொங்கியாயிற்று. ஆனால் ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்திருக்கிறாளா? இல்லையே. குசினியில் நின்று சத்தத்தைக் கேட்டாள், வாள் உரசுகிற சத்தம், ஒருவன் விழுகிற சத்தம், மழை. குற்றவாளியை ஒருதரமாவது முகத்துக்கு முகம் பார்க்கவேண்டாமா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ரிக்கெற் கொடுத்த பெட்டை, படம் நீளம், இடைவேளை இல்லை, பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை, நீளமாக இருக்கட்டும்.

உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. முன்வரிசையில் பச்சைக் கம்பளிக் கோட் போட்ட ஒரு வயதான ஜேர்மன்காரி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள், சொந்த வீட்டில் இருப்பதுபோல. மரியமலர் அவளுக்குப் பின்வரிசையில் இருந்தாள், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்து, சிறையின் காத்திருப்பு அறையில் இருக்கிற மாதிரியே. விளக்கு அணைந்தது. முதலில் ஒரு பிடரி. திரை முழுவதும் ஒரு ஆணின் பிடரிதான், வியர்வை, ஒட்டின மயிர், ஒரு பக்கம் வெயில், அவன் நடக்கிறான், நடக்கிறான், முகத்தைக் காட்டாமல் நடக்கிறான், பின்னாலேயே படம் போகிறது... அவளுடைய கைகள் கைப்பையை இறுக்கின. இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள், அத்தனை நாள் வழக்கிலும் இதைத்தானே, எமில் முன்னால் இருந்தான், அவள் பின்னால். அவனுடைய முகத்தை நீதிபதி பார்த்தார், சாட்சிகள் பார்த்தார்கள், அந்தப் பக்கத்தில் இருந்த, பிள்ளையைப் பறிகொடுத்த பிறேமா பார்த்தாள். பெற்றவளுக்குக் கிடைத்தது பிடரி. சிறைக்குள் யாரோ வெட்டிவிட்ட மயிர், ஒரு பக்கம் ஏறியிருந்தது, அதை நேராக்கிவிட வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றிக்கொண்டேயிருந்தது, அங்கே அவர்கள் கத்தி எவ்வளவு ஆழம் போனது என்று பேசிக்கொண்டிருந்தார்கள், இவளுக்கு மயிரை நேராக்க வேண்டும்.

திரையில் அவன் திரும்பினான். வடிவான முகம். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. தன்னுடைய பிரபுவையே வெட்டிப்போட்டுவிட்டு ஓடி வருகிறவன் அவன், கீழே ஓடின ஜேர்மன் எழுத்து அதைச் சொன்னது, ஆனால் முகத்தில் பசி மட்டும்தான் இருந்தது, வெறும் பசி. ஆற்றங்கரைக்கு வந்தான். ஓடக்காரன் ஒருவன், பல்லெல்லாம் கொட்டுண்ட மனுசன், மறுகேள்வி இல்லாமல் ஏற்றிக்கொண்டான், நடு ஆற்றில் தன்னுடைய சோற்று உருண்டையைப் பாதியாகப் பிய்த்து நீட்டினான், வாள்காரன் வாங்கித் தின்றான், விரலில் ஒட்டின பருக்கையைக்கூட விடாமல் தின்றான், மற்றக் கரை வந்ததும், என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டாய் என்று சொல்லி வெட்டினான். அவ்வளவுதான். வாத்தியம் இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும் அதன்பாட்டில் போனது. புறப்பட்ட கரையில், தூரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள், ஓடக்காரனுடைய மனைவியாக இருக்கவேண்டும், நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டாள், பிறகு இன்னொருதரம். மூன்றாவதுதரம் கேட்பதற்குள் காட்சி மாறி, படம் வாள்காரனோடு மலைப்பாதையில் ஏறிவிட்டது. மரியமலர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாள், படமாளிகையின் இருட்டுக்குள், அந்தப் பெண் அங்கே எங்கேயோ விடுபட்டு நிற்பதுபோல.

ஆனால் இதில் எங்கே இருக்கிறது அந்த விசம்? தேடிக்கொண்டேயிருந்தாள். இப்போது வரும், இந்த இடத்தில்தான் பிள்ளையைப் பிடித்திருக்கும், இந்த வீச்சைப் பார்த்துத்தான் கை துடித்திருக்கும் என்று ஒவ்வொரு காட்சியிலும் காத்திருந்தாள், வரவில்லை. வெட்டுப்பட்டவர்கள் வீரமாகச் சாகவில்லை, மண்ணைப் பிறாண்டினார்கள், ஒருவன் அம்மா என்றோ அதைப்போல ஏதோ ஒன்றையோ சொன்னான், எழுத்துப் போடவில்லை, ஆனால் அது வேறென்னவாக இருக்கும்? கெட்டவனுக்கும் கொலையில் ஒரு சந்தோசமும் கிடைக்கவில்லை, ஒவ்வொருதரமும் வாளைத் துடைத்துவிட்டுக் கையை மணந்து பார்த்தான். இதைப் பார்த்து வளர்ந்தவன் கத்தியைத் தொடவே கூசுவானே... கயிறு கையிலிருந்து நழுவியது. படம் இல்லையென்றால் பிறகு என்ன? அவன் எதற்காக இதையெல்லாம் பார்த்தான்? தனக்குள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது என்று பயந்து பார்த்தானோ, அம்மா இஞ்சை வாங்கோ இதைப் பாருங்கோ என்று கூப்பிட்டானே, எதைக் காட்டக் கூப்பிட்டான்? கையில் மாவோடு வாசலில் நின்றாளே, ஒருதரம் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்திருக்கலாமே.

பட்டணத்தில் ஒரு மரவியாபாரி அவனுக்கு வேலை கொடுத்தான். அங்கே ஒரு இளம்பெடியன் வந்து சேர்ந்தான், செத்த பிரபுவின் மகன், தகப்பனைக் கொன்றவனைத் தேடி ஊர் ஊராக அலைகிறவன், கொன்றவன் இவன்தான் என்று தெரியாமல் இவனோடேயே கூட்டாகிவிட்டான், இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து குடித்தார்கள், பெடியன் ஏதோ பகிடி சொன்னான், வாள்காரன் தலையை அண்ணாந்து சிரித்தான், தியேட்டரில் இருந்த கொஞ்சப்பேரும் சிரித்தார்கள், மரியமலரும்... பிறேமாவின் சேயோனும் அப்படித்தான், அவளுடைய குசினி மேசையில் ஏறி இருந்துகொண்டு, மலர் அன்ரி, உங்கடை றோல்ஸ் தின்னத்தான் நான் இவனோட கூட்டு என்பான், எமில் அவனுடைய தலையில் ஒரு தட்டுத் தட்டுவான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கு, எமிலுக்கு ழகரம் வராது, சேயோனுக்கு எழுத வராது, சோதனைக்கு ஒருவன் வாய், ஒருவன் கை. வெளியே காத்திருக்கிற நேரத்தில் பிறேமாவும் அவளும் காருக்குள் இருந்து கோப்பி குடிப்பார்கள், மலரக்கா, இவங்கள் இரண்டு பேரும் வளந்து எங்களைக் கோயில் குளம் எண்டு கூட்டிக்கொண்டு திரிவாங்கள் பாருங்கோ என்பாள் பிறேமா... திரையில் பெடியனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. வாளை உருவினான். அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. நல்லவன் வருவான், கொஞ்ச நேரம் வருவான்.

யாரோ ஒருவருடைய பிறந்தநாள், யாரோ சொன்ன ஒரு வார்த்தை, மண்டபத்துக்குப் பின்னால் கார் விடுகிற இடம், சுவர் ஓரம், எமில் வேலைத்தலத்தில் பெட்டி வெட்டுகிற மடக்குக் கத்தி. தீர்ப்பில் அவ்வளவுதான் இருந்தது, ஒரு பந்தி. அந்தக் கத்தியை அவள் முதன்முதலில் நீதிமன்ற மேசையில்தான் கண்டாள், பிளாஸ்ரிக் பைக்குள், வீட்டுச் சாமான் ஒன்றையும் போல இல்லை, யாரோ அந்நியனுடைய பொருள். பிறேமாவை அங்கே ஒரு நீளமான ஜேர்மன் சொல்லால் அழைத்தார்கள், வழக்கில் அரசுத்தரப்புக்குப் பக்கத்தில் நின்று முறையிடுகிறவள் என்று அதற்கு அர்த்தமாம், மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பக்கத்தில் நிற்கிறவள். ஒருநாளும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை மரியமலர். கழுத்து வலித்தது, திருப்பவில்லை. அழுகைச் சத்தம் கேட்டால் திரும்பியிருப்பாளோ என்னவோ, பிறேமா அழவில்லை.

இப்போது திரையில் மூடுபனி. விடியப்போகிறது. ஆற்றங்கரை நாணலுக்குள் வாள்காரன் பதுங்கிக் கிடந்தான், தோளில் வெட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, சுற்றிவர ஊர்ச்சனம் தடியும் ஈட்டியுமாக நாணலைக் குத்திக் குத்தித் தேடியது. ஒரு ஈட்டி அவனுடைய காதுக்குப் பக்கத்தில் இறங்கியது. மூச்சை அடக்கினான். வாய்க்குள் சேற்றுத் தண்ணீர் போனது, விழுங்கினான், அந்தத் தொண்டை அசைந்ததைப் பார்த்ததும், ஐயோ பிள்ளை இருமிவிடப் போகுது, இருமாதை, இருமாதை... அங்காலை போ, வலப்பக்கம் போகாதை, தண்ணிப்பக்கமாப் போ, அங்கை ஒருத்தரும் இல்லை... முன்வரிசைக் கிழவி திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் மரியமலருக்குத் தன்னுடைய குரல் கேட்டது. வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறாள், தமிழில், இருட்டுக்குள், வாளோடு பதுங்குகிற ஒருவனுக்கு வழி சொல்லியிருக்கிறாள். முகம் கொதித்தது. இவன் யாரை வெட்டினவன் என்று தெரியும், ஒவ்வொருவரையும் கண்ணால் பார்த்தாயிற்று, அந்தப் பெடியன் செத்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அதற்குள் அவனை மறந்துபோய்விட்டது, அவனுடைய முகத்தை இப்போது நினைத்துப்பார்க்க முயன்றாள், வரவில்லை. எப்படி வரும்? படம் யாரோடு போகிறதோ அவனுடைய வலிதான் வலி. மற்றவர்கள் விழுந்த இடத்தில் கிடக்கிறார்கள். அந்த ஓடக்காரனுடைய மனைவி எங்கே, கூப்பிட்டுக்கொண்டு நின்றவள், அவளுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. படம் அவளிடம் திரும்பிப் போகவேயில்லை. நானும் போகவில்லை. மூன்று வருசமாக ஒவ்வொரு நாளும் எமில் சாப்பிட்டானா, எமில் நித்திரை கொண்டானா, உள்ளே யாரும் அடிக்கிறார்களா, குளிருமா... பிறேமா விடிய எழும்பி என்ன செய்கிறாள்? வேலைக்குப் போகிறாளா? அந்தப் பிள்ளையுடைய கட்டிலை வைத்திருக்கிறாளா, கொடுத்துவிட்டாளா?

வாள்காரன் எழும்பிவிட்டான். இனி ஒளிக்க ஏலாது என்று தெரிந்ததும் நாணலை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றான், வாளை இரண்டு கையாலும் பிடித்தான், சனம் வட்டமாக நெருங்கியது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இறுக்கி மூடிக்கொண்டாள். சத்தம் மட்டும் வந்தது, காலடிகள், தண்ணீர், ஒரு கத்தல், மரத்தில் இரும்பு படுகிற சத்தம், பிறகு நீளமாக ஒன்றும் இல்லை, பிறகு ஒரு பறவை. இது பழகின இருட்டுத்தான். மருத்துவர் சாட்சி சொன்ன அன்றைக்கும் திரை ஒன்றை இறக்கினார்கள், காயங்களின் படங்களைக் காட்டப்போகிறோம், விரும்பாதவர்கள் வெளியே போகலாம் என்றார்கள், வெளியே போக வெட்கப்பட்டு உள்ளேயே இருந்து கண்ணை மூடிக்கொண்டாள், மொழிபெயர்ப்பாளரின் கையைத் தட்டி, சொல்லாதேங்கோ, எனக்கு இதைத் தமிழில் சொல்லாதேங்கோ என்றாள். நல்ல மனுசன், சொல்லாமல் விட்டார். நடுவில் ஒருதரம் கண் தானாகத் திறந்தது, திரையைப் பார்க்கப் பயந்து பக்கத்தில் பார்த்தாள், ஓம், அன்றைக்கு ஒருதரம் பார்த்திருக்கிறாள், பிறேமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வெட்டாமல். ஒவ்வொரு படமாக. தாய்க்கு அதைப் பார்க்கிற தைரியம் எங்கேயிருந்து வந்தது என்று அன்றைக்கு வியந்தாள், இதென்ன பொம்பிளை என்றுகூட நினைத்தாள், கடவுளே, அப்படியும் நினைத்தாள். தைரியமா அது? கடைசி நேரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கக் கிடைக்கவில்லை, அதனால் அங்கேயாவது, அந்தத் திரையிலாவது...

விளக்கு வந்துவிட்டது. சனம் கோட்டைப் போட்டுக்கொண்டு போனது. பச்சைக் கோட்டுக் கிழவி பிளாஸ்கை மூடி, மெதுவாகத் திரும்பி, நீங்கள் அவனோடு பேசினீர்கள் என்றாள் ஜேர்மனில். குற்றம் சொல்கிற குரலாக இல்லை. மன்னிக்கவும் என்றாள் மரியமலர். "எதற்கு மன்னிப்பு? நானும் மனதுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தேன். இந்த வகைப் படங்களில் அதுதான் கொடுமை. அவன் தப்பவேண்டும் என்று தவிப்பேன், வீட்டுக்குப் போன பிறகு எனக்கே வெட்கமாக இருக்கும்." கிழவி சிரித்தாள். என்னுடைய மகனுக்கு இந்தப் படங்கள் விருப்பம் என்று வந்துவிட்டது மரியமலரின் வாயில். யாராவது பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகின வாய் அது, வேலைத்தலத்தில், பஸ்ஸில், பல் டொக்டரிடம், இல்லை, பிள்ளைகள் இல்லை. "அப்படியா? இளைஞர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லையே. இன்று அவரால் வர முடியவில்லையா?" "இல்லை. அவனால் வர முடியாது." "அடுத்த ஞாயிறும் ஒன்று இருக்கிறது, சொல்லுங்கள் அவரிடம்." "சொல்கிறேன்." கிழவி போய்விட்டாள். கடைசியில் அவன் தப்பினானா, செத்தானா என்று அவளிடம் கேட்டிருக்கலாம். வாசல்வரைக்கும் போய், படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிற அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தாள், கூப்பிடவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, அது ஏதோ அநியாயம் போல இருந்தது. வுப்பர் ஆற்றுக்கு மேலே தொங்குரயில் முனகிக்கொண்டு வளைவில் திரும்பியது. ஸ்ரேசன் படியேறி மேடையில் நின்றாள், கீழே பலகைக்குள்ளால் ஆறு தெரிந்தது, ஆழமில்லாத ஆறு, கற்களெல்லாம் தெரிகிற ஆறு. போனமுறை எமிலிடம் போனபோது... போனமுறை என்ன நடந்தது என்று இவ்வளவு நேரமும் நினைக்காமலேயே இருந்திருக்கிறாள், காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். கொக்கோவை எடுத்துவந்து மேசையில் வைத்தாள், சாப்பிட்டனியோ என்று கேட்டாள், ஓம் என்றான், நித்திரை வருதோ, ஓம், சளி மாறிட்டுதோ, ஓம். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவனுடைய மயிரை ஒதுக்கிவிடப் போனாள், அவன் தலையைப் பின்னுக்கு எடுத்தான், மெதுவாக, கோபமில்லாமல். அம்மா, நீங்கள் ஏன் ஒருநாளும் கேக்கிறேல்லை? என்னத்தை அப்பன்? அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை விளங்கியது, விளங்காமல் என்ன, ஆனால் அவள், சொக்கிளேற் வேணுமோ, எடுத்துக்கொண்டு வாறன் என்று சொல்லி எழும்பி மெசினுக்குப் போனாள், சில்லறையைத் தேடுகிறவள்போல நிறைய நேரம் அங்கேயே நின்றாள், மணி அடிக்கும்வரைக்கும் நின்றாள். பிள்ளை வாயைத் திறக்க வந்தபோது சொக்கிளேற்றால் அடைத்துவிட்டாள். இன்றைக்கு அவன் வரவில்லை. வந்து என்ன, சளி மாறிவிட்டது என்று சொல்லவா?

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. சில்வெஸ்டர். அவள் எமிலிடம் போகிற நாட்களில் அவர் ஒருநாளும் போன் அடிப்பதில்லை. தெரிந்துவிட்டதோ, வீட்டு நம்பருக்கும் அடித்துச் சொல்லிவிட்டார்களோ, எடுப்பதா விடுவதா... எடுத்தாள்.

"மலர்."

"ஓம், சொல்லுங்கோ."

"எங்கை நிக்கிறாய்?"

"தொங்குரயிலுக்கு நிக்கிறன். வந்துகொண்டிருக்கிறன்."

பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது, கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தாள். தொண்டையைச் செருமினார், இளவயதில் பெண் பார்க்க வந்த அன்றைக்குச் செருமினமாதிரி.

"பெடியன்..." என்றார். மூன்று வருசத்தில் முதல்தரம். "பெடியன் என்னவாம்?"

ரயில் வந்துவிட்டது, அவளுக்கு நேரே கதவு திறந்தது, சனம் இறங்கியது, ஒரு பொம்பிளை பிள்ளைவண்டியை இறக்கக் கஷ்டப்பட்டாள், மரியமலர் ஒரு கையால் பிடித்துக்கொடுத்தாள், மற்றக் கையில் போன், நல்லா இருக்கிறான் என்று சொன்னால் முடிந்தது, ஒவ்வொருமுறையும் பல்கனியைப் பார்த்து அதைத்தானே சொல்கிறாள், நல்லா இருக்கிறான், உங்களைக் கேட்டவன்... அந்தச் சுவர் ஓரத்தில் என்ன நடந்தது என்று பிறேமாவுக்குத் தெரியும். நீதிபதிக்குத் தெரியும், அந்த மருத்துவருக்குத் தெரியும், தமிழில் சொல்லாமல் விட்ட அந்த மனுசனுக்கும் தெரியும்.

"தெரியேல்லையப்பா," என்றாள். "நான் அவனை ஒருநாளும் கேக்கேல்லை."

அந்தப் பக்கம் அவர் போனை வைக்கவில்லை. கறி அடிப்பிடிக்கத் தொடங்கியிருக்கவேண்டும், யாரும் அதைக் கிண்டவில்லை.